பழைய லெக்சஸ் ஈஎஸ்: ஹைப்ரிடா, பெட்ரோலா?

அமெரிக்காவில் 2013 முதல் 2018 வரையிலான மாடல்களாக விற்கப்பட்ட லெக்சஸ் ஈஎஸ் காரைப் பழையதாக வாங்க எண்ணுவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, 3.5 லிட்டர் வி6 பெட்ரோல் எஞ்சினுடைய ஈஎஸ் 350 வேண்டுமா, 2.5 லிட்டர் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஈஎஸ் 300எச் வேண்டுமா என்பதைத்தான். இரண்டையும் ஓட்டிப் பார்த்த எனக்கு, 268 குதிரைத்திறன் கொண்ட வி6 நெடுஞ்சாலையில் முந்திச் செல்லும்போது காட்டும் நிதானமான வலிமை மிகவும் பிடித்திருந்தது. மொத்தம் 200 குதிரைத்திறனே உள்ள ஹைப்ரிட், ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் சற்று இரைகிறது. ஆனால் நகர நெரிசலில் அது ஓசையின்றி ஊர்ந்து செல்லும் சுகத்துக்கு ஈடில்லை. 2013 மாடலுக்கு அரசு அளித்த மதிப்பீட்டின்படி, ஒரு கேலனுக்குப் பெட்ரோல் கார் 24 மைலும் ஹைப்ரிட் 40 மைலும் ஓடும்.

பலரும் அஞ்சுவது பேட்டரியை நினைத்துத்தான். பின்னிருக்கைக்குப் பின்னால் இருக்கும் அந்த நிக்கல் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துவாரம் தூசி அடைத்துக் கிடந்தால் அதன் ஆயுள் குறையும் என்பதால், அதைத் திறந்து பார்ப்பதோடு, விவரம் தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு பேட்டரியின் ஒவ்வொரு பகுதியின் மின்னழுத்தத்தையும் கட்டாயம் சோதிக்க வேண்டும். எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டரோ, மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரோ ஹைப்ரிடில் தனியாகக் கிடையாது என்பதால், அவை பழுதாகும் கவலையும் இல்லை. பிரேக் பட்டைகளும் மெதுவாகவே தேயும். டிக்கிதான் சிறியது. சோதனையில் பேட்டரி தேறிவிட்டால், நகருக்குள் ஓட்டுவோருக்கு நான் தயங்காமல் ஹைப்ரிடையே பரிந்துரைப்பேன்.