பணம் கட்டி வாங்கிய இணைப்புகள்: புதுச்சேரி, கடலூர்க்காரர்கள் கவனத்துக்கு

புதுச்சேரி ஓட்டல் அரங்குகளில் ஓர் இலவசக் கருத்தரங்கு அடிக்கடி நடக்கிறது. "ஓர் இணையதளம் இருந்தால் போதும், தூங்கும்போதும் பணம் வரும்" என்று அழைப்பு அனுப்புகிறார்கள். கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி வாட்ஸ்அப் குழுக்களிலும் அது சுற்றுகிறது. வேலை தேடும் பட்டதாரிகள், வீட்டிலிருந்தே சம்பாதிக்க நினைக்கும் பெண்கள், ஓய்வு பெற்ற பணத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் ஆகியோர்தான் அங்கே போகிறார்கள். கருத்தரங்கை நடத்தும் நிறுவனத்துக்கு நான் 48,000 ரூபாய் கட்டினேன். பணம் போனது ஒரு பக்கம். அவர்களிடம் போவதற்கு முன்பு நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் தளமும் அவர்கள் கையால் அழிந்தது. இன்னொருவருக்கு இது நடக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

நான் கடலூர் முதுநகரில் பிறந்து வளர்ந்தவள். மீன், கருவாடு பற்றித் தமிழில் ஒரு தளம் நடத்தி வந்தேன். செவுளைப் பார்த்து மீன் வாங்குவது எப்படி, சுறாப் புட்டுக்கு எந்தச் சுறா சரி, நெத்திலிக் கருவாட்டில் மண் போக எப்படி அலச வேண்டும் என்பது போன்ற கட்டுரைகள். துறைமுகத்தில் மீன் விற்கும் பெண்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில்தான் கருவாட்டுக் குழம்புக் கட்டுரைகளைத் தேடி நிறையப் பேர் வருவார்கள். தளங்களில் விளம்பரம் காட்டி அதற்குப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018இல் தமிழை ஏற்றுக்கொண்ட பிறகு தளத்தில் விளம்பரம் வைத்தேன். கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் ஆட்சென்ஸ் பணத்தை வங்கிக்கு அனுப்பும். எனக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை அது வந்தது. தொகை சிறியதுதான், ஆனால் முழுக்க என் உழைப்புக்கு வந்த பணம்.

கருத்தரங்கில் திரையில் ஓர் ஆட்சென்ஸ் கணக்கைக் காட்டினார்கள். மாத வருமானம் லட்சங்களில் இருந்தது. அரங்கே கைதட்டியது. பிறகு எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவர் என் கண் முன்னால் என் கணக்கின் பக்கத்தைத் திறந்து, பிரவுசரிலேயே உள்ள ஒரு வசதியைப் பயன்படுத்தி, 14 டாலரை 14,000 டாலராக மாற்றிக் காட்டினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்தை மறுபடி ஏற்றினால் பழைய எண் வந்துவிடும். படம் எடுத்துக் காட்டுவதற்கு அந்த ஒரு நிமிடமே போதும். ஆகவே யாராவது வருமானத்தைப் படமாகக் காட்டினால் அதற்கு எந்த மதிப்பும் கொடுக்காதீர்கள். ஆட்சென்ஸில் சேரக் கட்டணமே கிடையாது. பணத்தை கூகுள் நேராக நம் வங்கிக்கே அனுப்புகிறது. நடுவில் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

அவர்கள் எனக்கு விற்றது பேக்லிங்க், அதாவது மற்ற தளங்களிலிருந்து என் தளத்துக்கு வரும் இணைப்புகள். 6 மாதத் திட்டம், மாதம் 300 இணைப்புகள், எல்லாமே 'டி.ஏ.' என்ற மதிப்பெண் 40க்கு மேல் உள்ள தளங்களிலிருந்து என்றார்கள். முக்கியமான தேடல் சொற்களுக்கு முதல் இடம் உத்தரவாதம் என்று ஒப்பந்தத் தாளிலேயே எழுதியிருந்தது. தளம் வேகமாகத் திறக்க வேண்டுமானால் டொமைனும் (தளத்தின் முகவரிப் பெயர்) ஹோஸ்டிங்கும் (தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் சேவை) ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லி, டொமைனை மாற்றுவதற்கான குறியீட்டையும் வாங்கிக்கொண்டார்கள்.

இந்த இணைப்பு விவகாரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் ஏமாற்று வேலை முழுவதும் இதில்தான் இருக்கிறது. 1998இல் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் ஒரு தளம் இன்னொரு தளத்துக்குக் கொடுக்கும் இணைப்பைப் பரிந்துரையாக எடுத்துக்கொண்டார்கள். எங்கள் தெருவில் நாலு வீட்டார் தாமாகவே "அந்தக் கூடைக்காரம்மாவிடம் வாங்குங்கள், மீன் நன்றாக இருக்கும்" என்று சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு உண்டல்லவா, அதுதான் அடிப்படை. பரிந்துரைக்கு மதிப்பு வந்ததும் அதைக் காசுக்கு விற்கவும் ஆட்கள் வந்துவிட்டார்கள். அதைத் தடுக்க கூகுள் 2012 ஏப்ரலில் 'பெங்குவின்' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. 2016இல் அது தேடல் முறையின் நிரந்தரப் பகுதியானது. 2022 டிசம்பர் முதல், விலைக்கு வாங்கிய இணைப்புகளைக் கண்டுபிடித்துச் செல்லாக்காசாக்கும் வேலையை 'ஸ்பாம்பிரெயின்' என்ற தானியங்கி அமைப்பும் செய்கிறது. தரவரிசையில் மேலே ஏறுவதற்காக இணைப்பை வாங்குவதும் விற்பதும் கூகுளின் விதிகளுக்கு விரோதம் என்று அவர்களே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். விளம்பரமாகப் பணம் கொடுத்து இணைப்புப் பெறுவதில் தவறில்லை. ஆனால் அதில் 'ஸ்பான்சர்டு' அல்லது 'நோஃபாலோ' என்ற குறியீடு இருக்க வேண்டும், அப்படிக் குறியிட்ட இணைப்பைக் காட்டித் தரவரிசையில் ஏற முடியாது. நான் வாங்கிய ஓர் இணைப்பில்கூட அந்தக் குறியீடு இல்லை.

அவர்கள் வாய் ஓயாமல் சொன்ன 'டி.ஏ.', கூகுளின் மதிப்பெண்ணே அல்ல. 'மோஸ்' என்ற தனியார் நிறுவனம் 100க்குப் போடும் கணக்கு அது. கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை. பழைய டொமைன்களை வாங்கி ஒன்றுக்கொன்று இணைப்புக் கொடுத்தே அந்த எண்ணை ஏற்றிவிட முடியும். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளின் வழிகாட்டிப் பக்கத்திலேயே இருக்கிறது. இந்த இரண்டு விஷயத்தையும் கருத்தரங்கில் யாரும் சொல்லவில்லை.

முதல் சில வாரங்கள் வருகை கொஞ்சம் ஏறியது. அதை வைத்து என்னையே மேடையில் பேச அழைத்தார்கள். நான் போகவில்லை. பிறகு சரியத் தொடங்கியது. சரிவின் நடுவில், தளம் நடத்துபவர்களுக்கு கூகுள் தகவல் தரும் சர்ச் கன்சோலில் ஒரு செய்தி வந்தது: என் தளத்துக்கு இயல்புக்கு மாறான இணைப்புகள் வருகின்றன, அதனால் நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது என்று. இதை 'மேனுவல் ஆக்‌ஷன்' என்கிறார்கள். கணினி தானாகச் செய்வதல்ல, கூகுளில் ஒரு மனிதர் பார்த்துப் போடும் தடை. அதற்குப் பிறகு என் தளத்தின் பெயரையே அடித்துத் தேடினாலும் முதல் பக்கத்தில் வரவில்லை. அந்த ஆண்டுத் தடைக்காலத்தில் கருவாட்டுக் கட்டுரைகளைப் படிக்க ஆளே இல்லை.

நிறுவனத்துக்கு போன் செய்தேன். "இது எல்லாருக்கும் வருகிற தகவல்தான் மேடம், பயப்படாதீர்கள்" என்றார் அங்கிருந்த இளைஞர். மறு வாரம் அவரே அழைத்து, "இதைச் சரிசெய்ய ஒரு மீட்புத் திட்டம் இருக்கிறது, 25,000 ரூபாய் ஆகும்" என்றார். தடை வரக் காரணமானவர்களே அதை நீக்கவும் விலை சொல்கிறார்கள்! இன்றும் என்னால் ஜீரணிக்க முடியாதது இதுதான்.

அதற்குப் பிறகுதான் அவர்கள் மாதாமாதம் அனுப்பிய எக்ஸெல் அறிக்கையில் இருந்த இணைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க உட்கார்ந்தேன். முன்பு கேட்டபோதெல்லாம் "மொத்த எண்ணிக்கையைப் பாருங்கள் மேடம்" என்றே சொல்லி வந்தார்கள். முதல் சில வரிசைகள் ஏதோ ஒரு வெளிநாட்டுச் சூதாட்டப் பக்கத்தின் கீழே பின்னூட்டங்களாக இருந்தன. அடுத்து, ஒரு பள்ளியின் பெயரில் இருந்த தளம். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷினில் பார்த்தால், சில ஆண்டுகளுக்கு முன்பு அது உண்மையாகவே ஒரு பள்ளியின் தளம். பள்ளி புதுப்பிக்காமல் விட்ட டொமைனை யாரோ வாங்கியிருக்கிறார்கள். இப்போது அதே முகவரியில் ஆழ்துளைக் கிணறு பற்றி ஒரு கட்டுரை, முடி நடும் சிகிச்சை பற்றி ஒன்று, ஆன்லைன் ரம்மி பற்றி ஒன்று, அவற்றுக்கு நடுவில் என் நெத்திலிக் கருவாடு. கட்டுரை என்று சொல்லக்கூட மனம் வரவில்லை. மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு எடுத்த தமிழ். "நெத்திலி ஒரு சிறந்த தீர்வாகும்" என்று ஒரு வரி. எதற்குத் தீர்வு என்பது எங்கும் இல்லை.

அடுத்த தளத்திலும் அதே ஆழ்துளைக் கிணறு, அதே ரம்மி. அதற்கடுத்ததிலும் அப்படியே. பக்க அமைப்பு ஒன்று, 'எங்களைப் பற்றி' பகுதியில் வரிக்கு வரி அதே வாசகம். எல்லாம் ஒரே ஆள் நடத்தும் தளங்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் புரியும். காலாவதியான டொமைன்களை இப்படிப் பயன்படுத்துவதை 2024 மார்ச்சில் கூகுள் தனி விதி போட்டே தடை செய்திருக்கிறது.

இதைச் சொன்னதும், வாயை அடைப்பதற்காகவோ என்னவோ, மீட்புத் திட்டத்தின் ஒரு பகுதியை மட்டும் இலவசமாகச் செய்து தருவதாகச் சொல்லி, கூகுளிடம் "இந்த இணைப்புகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம்" என்று கேட்டுக்கொள்ளும் பட்டியல் ஒன்றை அனுப்பினார்கள். அதையும் வரி வரியாகப் பார்த்தேன். என் கட்டுரைகளை விரும்பி, கேட்காமலே இணைப்புக் கொடுத்திருந்த சமையல் தளங்கள், வெளிநாட்டில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணின் வலைப்பூ, எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. பள்ளிப் பெயரில் இருந்த தளமும் அதன் கூட்டாளித் தளங்களும் மட்டும் இல்லை. தங்கள் சொந்தத் தளங்களைத் தாங்களே காட்டிக்கொடுக்க அவர்களுக்கு மனமில்லை. மற்ற வாடிக்கையாளர்களுக்கும் அவற்றைத்தானே விற்கிறார்கள். அந்தப் பட்டியலை நான் பதிவேற்றியிருந்தால் எனக்கிருந்த நல்ல பெயரும் என் கையாலேயே போயிருக்கும். தடையை நீக்கும்படி கூகுளிடம் மறுபரிசீலனை கேட்க வேண்டுமானால் தவறான இணைப்புகளை முடிந்த வரை எடுக்கச் செய்திருக்க வேண்டும். தங்கள் தளங்களிலிருந்து அவற்றை எடுக்க அவர்களுக்கு ஒரு மணி நேரம் போதும். எழுத்து மூலம் கேட்டேன். பதில் இல்லை.

வேறு இடத்துக்குத் தளத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று டொமைனைத் திரும்பக் கேட்டபோதுதான் அடுத்த அடி. பதிவு விவரத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் அந்த நிறுவனத்தின் பெயர் இருந்தது. "பாக்கித் தொகையைக் கட்டினால் தருகிறோம்" என்றார்கள். எந்தப் பாக்கி என்று கேட்டால், அந்த 25,000! இதுவரை டொமைன் என் கைக்கு வரவில்லை. கட்டுரைகளின் படிகள் என் கணினியில் இருந்ததால் புதுப் பெயரில் மறுபடி ஏற்றிக்கொண்டிருக்கிறேன். தளம் வைத்திருக்கும் எவரும் இன்றே டொமைன் பதிவு யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பராமரிப்பவருக்குத் தனி நுழைவு கொடுக்கலாம். மாற்றுக் குறியீட்டை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். சர்ச் கன்சோல் இலவசம், அதில் உரிமையாளராக நீங்கள் இருந்தால் உங்கள் தளத்துக்கு யார் யார் இணைப்புக் கொடுக்கிறார்கள் என்பதை நீங்களே பார்க்கலாம்.

இதே நிறுவனத்திடமோ இது போன்ற வேறு இடத்திலோ பணம் கட்டியவர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. அலுவலகம் புதுச்சேரியில் இருக்கிறது, நாம் தமிழ்நாட்டில் இருக்கிறோம், எங்கே போவது என்று தயங்குகிறவர்கள் பலர். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்தின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கடலூர்க்காரர் கடலூரிலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தால் நிறுவனத்துக்குத் தகவல் போகும். பணம் அனுப்பிய கையோடு மோசடி என்று தெரிந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். "வியாபார நோக்கத்தில் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார்" என்பார்கள். எனக்கு வந்த பதில் நோட்டீசில் அதுதான் முதல் வாதம். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியது வியாபார நோக்கம் ஆகாது என்று அதே சட்டத்தின் விளக்கத்தில் இருக்கிறது. புகாரிலேயே இதைத் தெளிவாக எழுதிவிடுங்கள். தளத்தை நான் ஒருத்தியே நடத்துகிறேன், வரும் பணம் குடும்பச் செலவுக்குப் போகிறது என்று நான் எழுதியிருக்கிறேன், ஆட்சென்ஸ் பணம் வந்த வங்கிக் கணக்கின் நகலையும் சேர்த்திருக்கிறேன்.

ஒப்பந்தத் தாள், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், மாத அறிக்கைக் கோப்புகள் எதையும் அழிக்காதீர்கள். இணைப்புப் போட்ட பக்கங்களை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடுவார்கள், அதனால் முகவரியும் தேதியும் தெரியும்படி இப்போதே படமெடுத்து வையுங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு கட்டியவர்கள் சிலர் அந்த வாட்ஸ்அப் குழுவில் இன்னும் "பார்ப்போம், செய்வார்கள்" என்று காத்திருப்பது எனக்குத் தெரியும். உங்களில் சிலருக்குக் கெடு முடிய அதிக நாள் இல்லை.