டிவிடி இல்லாம விண்டோஸ் போடணுமா: ஹார்ட் டிஸ்க்ல இருந்தா, பென்டிரைவ்ல இருந்தா?

குடியாத்தத்துல சித்தப்பா வீட்டு லேப்டாப்ல டிவிடி டிரைவே இல்ல, கையில பென்டிரைவும் இல்ல, ராத்திரி 9 மணிக்கு மேல எந்த கடைய போய் தட்றதுன்னு விண்டோஸ் 10 ஐஎஸ்ஓவ (விண்டோஸ் போடுற டிவிடியோட முழு காப்பி, ஒரே ஃபைலா) டி டிரைவ்ல இறக்கி வச்சிகினு அங்கிருந்தே போட்டேன். ஐஎஸ்ஓவ டபுள் கிளிக் பண்ணா தனி டிரைவ் மாதிரி திறக்கும், உள்ள செட்டப் ஓட்டினா போதும். ஆனா இப்டி போட்டா சி டிரைவ ஃபார்மேட் பண்ண முடியாது, பழைய விண்டோஸ் எல்லாம் விண்டோஸ் ஓல்டுன்னு ஒரு ஃபோல்டர்ல போய் உக்காந்துக்கும், அப்புறமா டிஸ்க் கிளீனப்ல அழிக்கலாம். 32 பிட் விண்டோஸ்ல இருந்து 64 பிட்டுக்கும் இந்த வழியில மாற முடியாது.

சி டிரைவ அழிச்சிட்டு சுத்தமா போடணும்னா ஐஎஸ்ஓவ டி டிரைவ்ல ஒரு ஃபோல்டர்ல பிரிச்சு வச்சிட்டு, ஷிஃப்ட்ட அழுத்திகினு ரீஸ்டார்ட் குடுத்து, வர்ற மெனுல கமாண்ட் பிராம்ப்ட் (கட்டளை டைப் பண்ற கருப்பு திரை) போய், பிரிச்சு வச்ச ஃபோல்டருக்குள்ள சோர்சஸ்ங்கற ஃபோல்டர்ல இருக்குற செட்டப்ப ஓட்டுங்க. அங்க டிரைவ் எழுத்து மாறி காட்டும், அளவ பாத்து உறுதி பண்ணிக்கோங்க, தப்பா டி டிரைவ அழிச்சா போட்டோ எல்லாம் போச்சு. தயவு செஞ்சு முதல்ல பேக்கப் எடுங்க.

பென்டிரைவ்னா குறைஞ்சது 8 ஜிபி வேணும், விண்டோஸ் செட்டப்ப ஏத்தும்போது அதுல இருக்குறதெல்லாம் அழிஞ்சிடும். ஆனா விண்டோஸே பூட் ஆகலன்னாலும், ஹார்ட் டிஸ்க்க புதுசா மாத்தினாலும் இது கைகுடுக்கும்.

ஓடுற மெஷினுக்கு நான் ஹார்ட் டிஸ்க் வழியதான் சொல்லுவேன், படுத்துட்ட மெஷினுக்கு பென்டிரைவ். வேலூர்ல கரண்ட் எப்ப போகும்னு தெரியாது, எதுல போட்டாலும் சார்ஜர் மாட்டி பேட்டரி ஃபுல்லா இருக்கும்போதே ஆரம்பிங்க.