டெக் பலகை ஏன் வளைகிறது: ஏழெட்டுக் கோடை பார்த்தவனின் அனுபவம்

டொரன்டோவுக்குக் கிழக்கே ஏஜாக்ஸில் எங்கள் வீடு. 2017 கோடையில் கொல்லைப்புறத்தில் 12க்கு 16 அடியில் ஒரு டெக், அதாவது தரைக்கு மேலே சட்டத்தில் பலகை பரப்பிய திறந்த தளம், போட்டோம். மக்காமல் இருக்க மருந்தேற்றிய பைன் மரம். பலகை ஒவ்வொன்றும் 1 அங்குலக் கனம், ஐந்தரை அங்குல அகலம். இரண்டாவது வருஷம் பனி உருகியதும் போய்ப் பார்த்தால், பாதிப் பலகைகள் இரண்டு ஓரமும் தூக்கி, கவிழ்க்காத நாட்டு ஓடு மாதிரி நின்றன. நடுவில் தேங்கிய தண்ணீரில் ஒரு குருவி குளித்துக்கொண்டிருந்தது.

வெயில்தான் காரணம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். இரண்டு கோடை விடாமல் மேலே ஸ்டெயின் (மரத்துக்குள் ஊறும் நிறப்பூச்சு) அடித்தேன். பார்க்க அழகாக இருந்தது, வளைவு மட்டும் கூடிக்கொண்டே போனது.

ஊரில் தச்சு வேலை பார்க்கும் மாமாவிடம் வீடியோவில் காட்டினேன். டெக் என்ற ஒன்றையே அவர் கண்டதில்லை. ஆனாலும் கேட்ட முதல் கேள்வி, "மேல காட்டினது போதும் மாப்ளே, அடியில எப்படி இருக்கு?"

டார்ச்சோடு குப்புறப் படுத்துப் பார்த்தேன். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் நேராக டெக்குக்கு அடியில்தான் கொட்டிக்கொண்டிருந்தது. போட்டுக் கொடுத்தவர் அழகுக்காக நான்கு பக்கமும் பலகை வைத்து அடைத்திருந்தார், காற்றுக்கு வழியே இல்லை. அடிப்பக்கம் ஈரத்தில் ஊறிக் கிடக்க, மேல்பக்கம் வெயிலில் காய்ந்து சுருங்குகிறது. அப்புறம் ஓரம் தூக்காமல் என்ன செய்யும்?

குழாயை 6 அடி தள்ளி நீட்டினேன். இரண்டு பக்க அடைப்பைக் கழற்றி மரச்சட்ட வலை வைத்தேன். பலகை இடுக்குகளில் அடைத்திருந்த இலைக் குப்பையைப் பழைய கத்தியால் நோண்டி எடுத்தேன். லேசாக வளைந்தவை அந்தக் கோடைக்குள்ளேயே ஓரளவு படிந்துவிட்டன. நான் செய்ததிலேயே அதிகம் பலன் தந்தது இதுதான், செலவும் இதற்குத்தான் குறைவு.

மீதியை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருந்தது. எல்லாம் ஆணி அடித்தவை. பலகை எழும்பினால் ஆணியும் கூடவே எழும்பும். பதினோரு பலகைகளைப் புரட்டிப் போட்டு, கீழே குறுக்குச் சட்டம் வரும் இடமெல்லாம் இரண்டிரண்டு 3 அங்குல ஸ்க்ரூ போட்டேன். காய்ந்த பலகையை ஸ்க்ரூவால் ஒரேயடியாக இழுத்துப் படிய வைக்கப் பார்க்காதீர்கள், நடுவில் பிளக்கும். என்னிடம் இரண்டு பிளந்தன. நல்ல மழைக்குப் பிறகு, ஒரு நாளைக்குக் கொஞ்சமாக முறுக்குவதே சரி.

ஸ்க்ரூவிலும் ஏமாந்தேன். ஆர்சனிக் கலந்த பழைய மருந்தை வீட்டு வேலைக்கான மரங்களுக்கு இங்கே 2003 கடைசியோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது ஏற்றுவதில் செம்பு அதிகம். அது சாதாரண இரும்பை அரித்துவிடும். மலிவாக வாங்கிய முதல் பெட்டி ஸ்க்ரூக்களில் பல, இரண்டே குளிர்காலத்தில் தலை முறிந்து வந்தன. மருந்தேற்றிய மரத்துக்கென்றே பூச்சு போட்டது, அல்லது ஸ்டெயின்லெஸ். வேறு எதுவும் வேண்டாம்.

பக்கவாட்டில் வில் மாதிரி வளைந்த பலகைகளுக்குப் பழைய உளி ஒன்று போதும். சட்டத்தில் உளியை இறக்கி, நெம்பி, பலகை நேராக வந்த நொடியில் ஸ்க்ரூவை ஏற்ற வேண்டும். இதற்கு ஆள் இரண்டு பேர் வேண்டும். முறுக்கிக்கொண்ட நான்கு பலகைகளை மட்டும் எதுவும் செய்ய முடியவில்லை, புதிதுதான்.

புதுப் பலகை வாங்கும்போது ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பார்த்து எடுத்தேன். மாமா பலகை முனையில் தெரியும் மரத்தின் ஆண்டு வளையத்தைப் பார்க்கச் சொன்னார். பட்டைப்பக்கம் மேலே வர வேண்டுமாம், வைரப்பக்கம், அதாவது மரத்தின் நடுவைப் பார்த்த பக்கம், மேலே இருந்தால் சிலாம்பு பெயருமாம். இதில் தச்சர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. நான் கேட்டுக்கொண்டேன், ஆனால் நல்ல முகம் எதுவோ அதைத்தான் மேலே வைத்தேன். கடையிலிருந்து வரும்போது பலகை ஈரமாக, கனமாக இருந்தால் இடைவெளி விடாமல் ஒட்டிப் போடுங்கள். நான் இடைவெளி விட்டுப் போட்டேன். காய்ந்ததும் நாற்காலிக் கால் இறங்கும் அளவுக்கு அகன்றுவிட்டது. வெட்டிய முனைகளுக்கு மருந்தும், அடிப்பக்கத்துக்கு ஸ்டெயினும் பூட்டுவதற்கு முன்பே பூசினேன். மேலே தண்ணீர் தெளித்தால் முத்தாக நிற்காமல் உள்ளே இழுத்த பிறகுதான் மேல்பக்கத்துக்கு அடித்தேன்.

இப்போது ஒரே ஒரு இடத்தில்தான் பிரச்சினை. மே மாதக் கடைசியில் வெளியே வரும் அம்மாவின் கறிவேப்பிலைத் தொட்டி, செப்டம்பர் வரை அதே மூலையில்தான் இருக்கும், தினமும் தண்ணீர். அங்கே இரண்டு பலகைகள் மட்டும் மேலே ஊறி, மற்றதற்கு நேர்மாறாக முதுகு தூக்கி நிற்கின்றன. சக்கரம் வைத்த ஸ்டாண்ட் வாங்கிக் கொடுத்தேன். வெயில் படுகிறது என்று தொட்டியைத் திரும்பவும் அங்கேயே தள்ளி வைத்திருக்கிறார்.