சிலம்ப வகுப்பு: வரிசையா, விளையாட்டா?

ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லித்தர இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று வரிசை வழி: வணக்கம், காலடி, சுற்று, வீச்சு என்று ஆசான் எண்ண எண்ண எல்லோரும் ஒன்றாகச் செய்வது. மற்றது விளையாட்டு வழி: காலடியையும் விலகலையும் தொடுதல், தாவல், ஓட்டம் என ஆட்டமாக்கிப் பழக்குவது. என் வகுப்புக்கு நான் தேர்ந்தது இரண்டாவது, ஒரு நிபந்தனையோடு: கையில் கம்பு இருக்கும்போது ஆட்டம் கிடையாது.

வரிசை வகுப்பு அமைதியாக இருக்கும், பெற்றோருக்குப் பார்க்கப் பிடிக்கும். விளையாட்டு வகுப்பில் சத்தம் அதிகம், பிள்ளைகள் கூப்பிடாமலே வருவார்கள். இது தெரிந்த கதைதான். எனக்கு முடிவைத் தீர்த்துவைத்தது வேறொன்று: ஒரு மணி நேர வகுப்பில் ஒரு பிள்ளை எத்தனை நிமிடம் சும்மா நிற்கிறது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலடி உயரப் பிள்ளைக்குப் புருவம் வரை கம்பு வைத்தால் மூன்றரை அடிக்குச் சற்று மேலே வரும். நுனியைப் பிடித்துக் கை நீட்டி வீசினால் கம்பு ஐந்தேகால் அடி வரை போகும். பக்கத்தில் நிற்பவருக்கும் அதே தூரம். இருவரும் ஓரடி நகர்ந்தாலும் மோதாமலிருக்க, நடுவே 13 அடி வேண்டும். அப்படியானால் 40க்கு 26 அடி மொட்டை மாடியில் ஒரே நேரத்தில் ஆறு பேர்தான் வீச முடியும். வகுப்பில் 18 பேர் என்றால் மீதி 12 பேர் என்ன செய்வது?

வரிசை வழியில் இதற்கு இரண்டு பதில்கள். எல்லோரையும் நெருக்கி நிறுத்தினால் விரல் முட்டியில் அடி விழும். அடிக்குப் பயந்து பிள்ளைகள் முழங்கையை மடக்கியே சுற்றப் பழகுவார்கள், பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு. ஒவ்வொருவராக அழைத்தால், வணக்கமும் உடல் தளர்த்தலும் போக மிஞ்சும் 45 நிமிடத்தில் ஆளுக்கு இரண்டரை நிமிடம். கையில் கம்போடு நாற்பது நிமிடம் காத்திருக்கும் ஏழு வயதுப் பிள்ளை பக்கத்துப் பிள்ளையைக் குத்தத்தான் செய்யும். அதை ஒழுங்கீனம் என்று சொல்லித் தோப்புக்கரணம் போடவைக்கிறோம். பிள்ளை மேல் குற்றமில்லை, வகுப்பின் அமைப்பில்தான் குறை.

விளையாட்டு வழியில் ஆறு ஆறு பேராக மூன்று குழு. ஒரு குழு ஆசானிடம் கம்போடு, மற்ற இரண்டும் கம்பில்லாமல் காலடி ஆட்டத்தில். 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றினால் இரண்டரை நிமிடம் பதினைந்தாகிறது. ஆட்டக் குழுக்களைப் பார்க்க மூத்த மாணவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். அப்படி ஆள் இல்லாதவர்கள் இதைத் தொடங்கவே வேண்டாம்.

எந்த ஆட்டம் என்பதிலும் கவனம் தேவை. பாண்டிக் கட்டம் போலச் சாக்பீஸால் கட்டம் வரைந்து, எண் சொன்னதும் அந்தக் கட்டத்துக்குக் காலடி வைத்துப் போவது நல்ல தொடக்கம். தாவிக் குதித்தால் செல்லாது. ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். விலகலுக்குத் தொடும் ஆட்டம். முழங்காலைத் தொடச் சொன்னால் இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து தலை முட்டிக்கொள்வார்கள். தோளைத் தொடச் சொன்னால் தலை நிமிர்ந்தே இருக்கும், எதிராளியைப் பார்க்கும் பழக்கமும் வரும். ‘அவுட்’ ஆனவரை உட்காரவைக்கும் ஆட்டங்களை நான் சேர்ப்பதே இல்லை. யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அவர்தான் முதலில் உட்காருவார். தொடப்பட்டவர் ஐந்து காலடி போட்டுவிட்டு உள்ளே வரட்டும்.

இவ்வளவுக்கும் அடிப்படை ஒரே கட்டளை: ‘நில்’. கம்பு வைத்திருப்பவர் அதை வலது காலருகே செங்குத்தாக ஊன்ற வேண்டும், மற்றவர்கள் இருந்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும், இரண்டு நொடிக்குள். வகுப்புக்கு மூன்று முறையாவது, ஆட்டம் சூடு பிடித்திருக்கும்போதே சொல்லிப் பார்க்க வேண்டும். நிற்காதவருக்குத் திட்டு வேண்டாம். அந்தச் சுற்றுக்குக் கம்பு தரையில். இந்தக் கட்டளைக்குப் பணியாத குழுவுக்கு அன்றைக்குக் கம்பே தரக்கூடாது. இதில் தளர்ந்தால் விளையாட்டு வழி வெறும் ஆபத்து.

வரிசை வழி வெல்லும் இடமும் உண்டு. ஆட்டத்தில் பிள்ளைகள் பழகிய கையையே நாடுவார்கள். இடக்கைச் சுற்று எண்ணிக்கை வைத்துச் செய்தால் மட்டுமே வரும். கம்புக் குழுவின் 15 நிமிடத்தில் ஐந்தை அதற்கே ஒதுக்குகிறேன். தனித்திறன் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைக்கும் வரிசைதான் வழி. சிலம்பம் 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் காட்சி விளையாட்டாக இடம்பெற்ற கலை. போட்டி எப்போது என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஆனாலும் பத்து வயது வரை அவசரம் வேண்டாம் என்பேன். வெல்வதே குறி என்ற போக்கு மிஞ்சியதால் ஜப்பான் ஜூடோ கூட்டமைப்பே 2022இல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசியப் போட்டியைக் கைவிட்டது. மணிக்கணக்கில் கம்பு சுற்றவைக்கும் ‘சாதனை’ நிகழ்ச்சிகளுக்குச் சின்னப் பிள்ளைகளை அனுப்புவதை நான் அடியோடு எதிர்க்கிறேன், மணிக்கட்டு தாங்காது.

பன்னிரண்டு வயதுக்கு மேல் இதே கணக்கு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அந்த வயதில் தொடும் ஆட்டம் பலருக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றுகிறது. அவர்களுக்கு வரிசையைக் கூட்டி, கடைசிப் பத்து நிமிடம் மெதுவான ஜோடிப் பயிற்சி வைப்பது நடைமுறைக்கு ஒத்துவருகிறது.