வாளியா, பைப்பா, சட்டியா: மாடிக் கோழிக்குத் தீனியும் தண்ணீரும்

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் ஐந்து நாட்டுக்கோழிப் பெட்டைகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. அடைத்து வளர்க்கும் கோழிக்கு நாளுக்கு 100 கிராம் தீனி தாராளம். அப்படியானால் ஆறுக்கும் 600 கிராம் போதும். ஆனால் அலுமினியத் தட்டில் கொட்டிய காலத்தில் ஒரு கிலோ போட்டும் சாயங்காலம் தட்டு காலியாக இருக்கும். கோழி முதலில் தட்டுக்குள் ஏறி நிற்கும், காலால் கிளறும், அப்புறம்தான் கொத்தும். தெறித்த குருணை எச்சத்தில் விழும். அந்த ஈரத்தீனியை மறுபடி கொத்தினால் ரத்தக் கழிச்சல் பரவும். காசு போவதைவிட எனக்கு அந்தப் பயம் பெரிது. அதனால் தட்டை முதல் நாளே தள்ளிவிடுங்கள்.

அடுத்தது பிவிசி பைப். 3 அங்குலப் பைப் மூன்றடி, கீழே தீனி வெளியே வர ஒரு எல்போ (வளைந்த இணைப்பு), மேலே ஒரு மூடி, அவ்வளவுதான். இரண்டு, இரண்டரை கிலோ கொள்ளும். ஊருக்குப் போகிறவர்களுக்கு வசதி. முழுக் கம்பு, குருணை போட்டால் தடையில்லாமல் இறங்கும். அரைத்த மாவுத் தீவனம் போட்டால்தான் சிக்கல். கடற்காற்றின் ஈரத்தில் மாவு கட்டிதட்டி நடுவில் நின்றுவிடும். பைப்பைத் தட்டினால் மேலே நிறைய இருப்பதாகச் சத்தம் வரும், கீழே கோழி பட்டினி. மழைக்காலத்தில் நாலைந்து நாள் உள்ளேயே கிடந்த தீவனம் பூஞ்சை பிடித்துப் பச்சையாக வந்ததைப் பார்த்திருக்கிறேன். பூஞ்சைத் தீவனம் கோழியின் ஈரலைக் கெடுக்கும். அன்றோடு பைப்பைக் கழற்றிவிட்டேன்.

இப்போது இருப்பது வாளி. ஹோட்டலில் தயிர் வந்த 5 லிட்டர் வாளியை வாங்கி, அடியிலிருந்து ஓர் அங்குலம் விட்டு, இரண்டங்குல அகலத்தில் ஐந்து ஓட்டை போட்டேன். அதை ஒரு அகலப் பேசினுக்குள் வைத்து, அடியில் நட்டு போல்ட்டால் முடுக்கினேன். பேசின் காயலான் கடையில் கிடைத்தது. பெயிண்ட், ஆசிட் வந்த வாளியை மட்டும் எவ்வளவு கழுவினாலும் எடுக்காதீர்கள். வாளியைக் கயிற்றில் தொங்கவிட்டு, பேசினின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்துக்கு வருமாறு கட்ட வேண்டும். இந்த உயரம்தான் எல்லாம். அதற்குக் கீழே இறங்கினால் ஏறி நின்று கிளறும், மேலே போனால் சின்னப் பெட்டைக்கு எட்டாது. இப்போது ஒரு நாளுக்குப் போடுவது 600 கிராம்தான், சிந்துவது ஒரு கைப்பிடிகூட இல்லை. இரவில் இறக்கி மூடிவைக்கிறேன், இல்லாவிட்டால் பெருச்சாளி வந்துவிடும்.

தண்ணீருக்கு வருவோம். கோழி தின்பதைப் போல இரண்டு பங்கு தண்ணீர் குடிக்கும், கத்திரி வெயிலில் இன்னும் அதிகம். எதிர்வீட்டு அக்கா என்னிடம், "சட்டியில ஊத்தி வச்சா குடிக்காதா? எதுக்கும்மா இவ்ளோ பாடு?" என்று கேட்டார். குடிக்கும், ஆனால் எச்சம் விழும், காகம் வாய் வைக்கும். நாளுக்கு மூன்று முறை கழுவி மாற்ற முடிந்தால் மண்சட்டியே போதும். அவர் வீட்டில் இருப்பவர், மாற்றுகிறார். வேலைக்குப் போகிற எனக்கு முடியவில்லை.

நிப்பிள் குழாய் என்று ஒன்று இருக்கிறது, கோழி அலகால் முட்டினால் மட்டும் சொட்டும் சின்ன முனைகள் பொருத்திய குழாய். அதில் தண்ணீர் அழுக்காகாது, சிந்தாது. இருபது, முப்பது கோழி வைத்திருப்பவர்கள் அதையே போடட்டும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. வெள்ளையாகப் படிந்து நிப்பிள் இறுகிக்கொண்டது. வெயிலில் குழாய்த் தண்ணீர் சூடாகிவிட்டால் கோழி குடிக்காமல் வாயைத் திறந்து இரைக்கிறது.

ஆகவே நான் வைத்திருப்பது தலைகீழ் பாட்டில். 2 லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டிலின் கழுத்தில் ஒரு துளை போட்டு, மூடியைப் போட்டு, சட்டிக்குள் கவிழ்த்துக் கம்பியில் கட்டினேன். துளை சட்டியின் விளிம்புக்குக் கீழே இருக்க வேண்டும். தண்ணீர் துளையை மூடியதும் உள்ளே காற்று போகாது, ஒழுக்கு நிற்கும். கோழி குடித்து மட்டம் இறங்கினால் ஒரு குமிழி உள்ளே ஏறும், அந்த அளவு தண்ணீர் கீழே வரும்.

ஒரு மே மாத மத்தியானம் எந்தக் கோழியும் பக்கத்தில் இல்லாதபோது சட்டி தானாக நிரம்பி வழிந்தது. துளை பெரிதாகிவிட்டதோ என்று இரண்டு பாட்டில் மாற்றிப் பார்த்தேன். காரணம் வெயில். பாதி காலியான பாட்டிலுக்குள் இருக்கும் காற்று சூடேறி விரிந்து தண்ணீரை வெளியே தள்ளுகிறது. தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கு மாற்றியதும் நின்றுவிட்டது. பாட்டிலைச் சுற்றிப் பழைய துணி கட்டினால் பாசியும் பிடிப்பதில்லை.

குஞ்சு பொரித்திருந்தால் முதல் இரண்டு வாரம் பாட்டிலுக்குக் கீழே ஆழமில்லாத தட்டை வைத்து, அதில் கூழாங்கல் பரப்புங்கள். அலகு நுழைய இடம் இருக்கும், குஞ்சு விழுந்து நனையாது. கற்களைத் தினமும் எடுத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும்.