பத்து மாதங்களில் பதினேழு பாத் பாம்கள்

கடந்த நவம்பரில், மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் லண்டன் குளிர்காலத்தில், முதல் பாத் பாமைக் குளியல் தொட்டியில் போட்டேன். குளிக்கும் நீரில் நுரைத்துக் கரைந்து நிறமும் மணமும் தரும் கட்டிதான் அது. கோடையில் சில வாரங்கள் நீங்கலாக, ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு ஒன்று என்ற கணக்கில் இதுவரை பதினேழு கரைந்திருக்கின்றன. செம்பில் மொண்டு ஊற்றிக் குளித்தே வளர்ந்த எனக்கு, தேங்கிய நீரில் அசையாமல் கிடப்பது தொடக்கத்தில் குளியலாகவே படவில்லை. அதனால் இன்றும் ஷவரில் உடம்பைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் தொட்டியில் இறங்குகிறேன். பாத் பாம் அழுக்கை நீக்குவதற்கான பொருள் அன்று என்பதால், இதுவே சரியான முறை என்றும் கருதுகிறேன்.

இதன் அடிப்படை மிக எளியது. சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் பெரும்பாலும் இரண்டுக்கு ஒன்று என்ற அளவில், வாசனை எண்ணெயும் நிறமும் சேர்த்து உலர்வாக அழுத்தப்பட்டிருக்கும். தண்ணீர் பட்டதும் இரண்டும் வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிடுவதே நாம் காணும் நுரை. பின்னாளில் லஷ் என்ற அழகுசாதன நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான மோ கான்ஸ்டன்டைன், 1989இல் இங்கிலாந்தின் பூல் நகரில், நீரில் போட்டால் பொங்கும் வயிற்று மாத்திரையைப் பார்த்து இதை உருவாக்கினார்.

தண்ணீர்தான் வினையைத் தொடங்கி வைக்கிறது என்பதை அறிந்திருந்தும், முதலில் வாங்கிய ஆறையும் குளியலறை அலமாரியிலேயே வைத்துவிட்டேன். ஒரு மாதத்தில் நீராவியின் ஈரத்தை உறிஞ்சி, மேற்பரப்பு பருப்பருவாகப் புடைத்துவிட்டது. மிஞ்சியிருந்தவை தொட்டியில் சோர்வாகச் சிறிது குமிழியிட்டு, மாவுக்கட்டிபோல் உதிர்ந்து அடங்கின. அடுத்து வாங்கியவற்றை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, காலணிப் பெட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களுடன் இறுக மூடும் தகர டப்பாவில் இட்டுப் படுக்கையறையில் வைத்தேன். ஆறு மாதம் கழித்து எடுத்ததும் முதல் நாள் போலவே பொங்கியது. வாசனைதான் சற்று மாறியிருந்தது: ஆரஞ்சு, எலுமிச்சை மணங்கள் விரைவில் ஆவியாகிவிடுகின்றன, லாவண்டர் நின்று பேசுகிறது.

நிறத்தைப் பொறுத்தவரை, கடையில் கண்ணைப் பறிப்பதற்கும் தொட்டியில் நமக்குக் கிடைப்பதற்கும் பெரிய தொலைவு உண்டு. நீலமும் இளஞ்சிவப்பும் கலந்தது அழகிய ஊதாவாக விரிந்து, கடைசிவரை அப்படியே இருந்தது. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் கொண்டதோ ஐந்து நிமிடங்களில் ஒன்றோடொன்று கலந்து குட்டைத் தண்ணீரின் நிறத்துக்கு வந்துவிட்டது. அடர்நிற வகைகள் சிலவற்றில் எண்ணெயும் சாயமும் சேர்ந்து நீர்மட்டத்தில் வளையமாகப் படிந்தன. பொருள் பட்டியலில் பாலிசார்பேட் 80 போன்ற, எண்ணெயை நீரில் பரவச் செய்யும் பொருள் இருந்தவற்றில் இந்தத் தொல்லை எனக்குக் குறைவாகவே இருந்தது. நீர் வடிந்தவுடன், காயும் முன்பே, பஞ்சுத்துணியால் துடைத்தால் கறை போய்விடும். மறுநாள் காலை என்று விட்டால் தேய்க்க வேண்டியிருக்கும். வெள்ளைத் துவாலையை அன்று எடுக்கவே வேண்டாம்.

தோல் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. சோடாவின் அளவு கூடினால் நீர் சற்றுக் காரத்தன்மை பெறும், தோலின் மேற்பரப்போ சற்று அமிலத்தன்மை கொண்டது. அரை மணி நேரம் கிடந்த நாள்களில் என் கால்கள் வறண்டு அரித்தன. வெந்நீரை 38 டிகிரிக்கு மேல் போகவிடாமல், பதினைந்து நிமிடங்களில் எழுந்து, நல்ல நீரில் உடலை அலசி, ஈரம் காயும் முன் கிரீம் பூசத் தொடங்கிய பின் அந்தச் சிக்கல் வரவில்லை. இலவங்கப்பட்டை மணம் கொண்ட ஒன்று மட்டும் தொடைகளில் எரிச்சலை உண்டாக்கியதால், அந்த வகையை மறுபடி தொடவில்லை. வாசனைப் பொருள்களால் ஒவ்வாமை உள்ளவர்கள், பொருள் பட்டியலில் லினலூல், லிமோனீன் ஆகிய வாசனைச் சேர்மங்களின் பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்த்தே வாங்க வேண்டும். எண்ணெய் படிந்த தொட்டி மிகவும் வழுக்கும் என்பதால், என் அம்மா வந்து தங்கிய வாரங்களில் பாத் பாமை அறவே தவிர்த்தேன்.

ஒன்றுக்கு நான்கு, ஐந்து பவுண்டு கொடுப்பது கால் மணி நேரச் சுகத்துக்கு அதிகம்தான். ஆயினும் நீண்ட வேலை நாளுக்குப் பின் வரும் டிசம்பர் இரவுகளில் அந்தப் பணத்தை நான் வருந்திச் செலவிட்டதில்லை. இனி வாங்குவது மினுமினுப்பு இல்லாத, ஒற்றை நிற லாவண்டர் வகை மட்டுமே. டப்பாவில் அப்படி மூன்று இருக்கின்றன, நவம்பர் வரை அவற்றைத் திறக்கப்போவதில்லை.