எச்சரிக்கை: பெரிய ஹரிகேன் கிட் ஒன்றுக்கு முன்பணம் கட்டுமுன் இதை வாசியுங்கள்

இங்கிலாந்தில் பெரிய அளவிலான ரேடியோ கட்டுப்பாட்டு வார்பேர்ட் (பழைய போர் விமான) மாதிரி ஒன்றைத் தம் கையாலேயே கட்ட விரும்பி, அதற்கான கிட்டை, அதாவது கட்டுவதற்கான பாகங்கள் அடங்கிய பெட்டியை, தேடிக்கொண்டிருக்கும் எவருக்கும் எனக்கு நேர்ந்தது நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் 780 பவுண் கொடுத்து ஏழு மாதம் காத்திருந்தேன். வந்த பெட்டியில் இருந்தவற்றைக் கொண்டு பாதுகாப்பாகப் பறக்கக்கூடிய விமானம் ஒன்றைக் கட்ட முடியாது. விற்றவரின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் வெவ்வேறு பெயர்களில் விளம்பரம் செய்பவர் என்பதைப் பின்னர் அறிந்தேன்; ஆகவே பெயரைக் காட்டிலும் அவர் விற்கும் முறையை நீங்கள் அறிந்திருப்பதே பயன் தரும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரித்தானியப் போர் விமானமான ஹரிகேனை நான் தேர்ந்தெடுத்தது அம்மப்பாவினால். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, அங்குள்ள சீனக்குடா விமானத்தளத்திலிருந்து எழும்பி அவற்றை எதிர்த்தவை பிரித்தானிய விமானப்படையின் 261ஆவது ஸ்குவாட்ரனை (விமான அணியை) சேர்ந்த ஹரிகேன்கள். அம்மப்பா அப்போது திருகோணமலையில் பள்ளிச் சிறுவன். அந்தக் காலையின் சத்தத்தை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஸ்குவாட்ரனின் நிறத்தில் ஒரு ஹரிகேனைக் கட்டி, அதைப் பறக்கவிட வேண்டும் என்பது என் இருபது வருட ஆசை.

ஆசைக்கு அப்பால் நல்ல காரணங்களும் இருந்தன. அதே காலத்து இன்னொரு போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் சக்கரக் கால்கள் வெளிப்புறமாக மடிவதால், தரையில் நிற்கும்போது இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் குறைவு. மேடும் பள்ளமுமான புல்தரையில் அந்த மாதிரி எளிதில் சாய்ந்து சிறகு நுனியை உரசிவிடும். ஹரிகேனின் கால்கள் உட்புறமாக மடிபவை, அகன்று நிற்பவை. அதன் சிறகின் நடுப்பகுதி தட்டையாகவும் வெளிப்பகுதிகள் மட்டும் மேல்நோக்கிச் சாய்ந்தும் இருப்பதால், அந்த இணைப்பிலேயே சிறகை மூன்றாகப் பிரித்துக் காரில் ஏற்றலாம். அசல் விமானத்தின் சிறகு விரிவு 12.19 மீட்டர், ஐந்தில் ஒரு பங்கு அளவில் அது 2.44 மீட்டர். 60 சிசி அளவிலான பெற்றோல் எஞ்சினுக்கு அது பொருத்தமான உடம்பு. கடினமான வேலை ஒன்றுதான்: விமானியின் இருக்கைக்குப் பின்னால் உடற்பகுதி முழுவதும் மெல்லிய மர ஸ்ட்ரிங்கர்களின் (நீளவாக்கில் ஓடும் சட்டங்களின்) மேல் துணி போர்த்தியது. அந்த வரிகள் சரியாகத் தெரிந்தால்தான் அது ஹரிகேன். அவற்றைப் பார்த்துக் குறித்துக்கொள்வதற்காகவே ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்கு மூன்று தடவை போயிருக்கிறேன்.

விளம்பரத்தில் இருந்தது ஒரு அழகான படம். பச்சைப் புல்தரையில், மூக்கை இடப்பக்கம் திருப்பி நிற்கும் ஹரிகேன். துணியின் தையல் வரிகள்கூடத் தெரிந்தன. கீழே 'முழுக் கிட்' என்றும், லேசரால் வெட்டிய பாகங்கள், கண்ணாடி இழைக் கௌலிங் (எஞ்சின் மூடி), கனோபி (விமானியின் இருக்கைக்கு மேலுள்ள கண்ணாடிக் கூடு), வரைபடங்கள், ஸ்பாருக்கான (சிறகின் பாரத்தைத் தாங்கும் நீளக் கட்டைக்கான) ஸ்ப்ரூஸ் மரம், சிறகு இணைக்கும் அலுமினியக் குழாய் அனைத்தும் அடங்கும் என்றும், கட்டி முடித்த எடை 12 கிலோ என்றும் எழுதியிருந்தது. பெரிய விமானம் கட்டுபவர்கள் 'ஷோர்ட் கிட்' என்ற சொல்லை அறிவார்கள்: வெட்டிய ரிப்களும் (சிறகின் குறுக்குச் சட்டங்களும்) ஃபோர்மர்களும் (உடற்பகுதியின் குறுக்குச் சட்டங்களும்) மட்டும் வரும், மீதி மரத்தையும் பாகங்களையும் நாமே வாங்க வேண்டும். அப்படி விற்பதில் எந்தக் குற்றமும் இல்லை; ஆனால் அதை அப்படியே சொல்லி, அந்த விலைக்கே விற்க வேண்டும்.

தொலைபேசியில் பேசியபோது விற்பவர் மிகவும் பண்பாகப் பேசினார், ஹரிகேனைப் பற்றி நன்றாகவே அறிந்திருந்தார். கடனட்டையில் கட்டினால் 820 பவுண் என்றும், வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பினால் 780 என்றும், எட்டு வாரத்தில் பெட்டி வரும் என்றும் சொன்னார். நான் 40 பவுணை மிச்சப்படுத்தினேன். இந்தப் பதிவில் ஒரு விடயத்தை மட்டும்தான் நினைவில் வைத்திருப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: இந்நாட்டின் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரை விலையுள்ள ஒரு பொருளைக் கடனட்டையில் வாங்கினால், விற்பவரின் பொறுப்பில் அட்டை வழங்கிய நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பிய காசுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 40 பவுண் சலுகை எதற்காகத் தரப்பட்டது என்பதை நான் காலம் கடந்தே விளங்கிக்கொண்டேன்.

எட்டு வாரம் ஏழு மாதமாயிற்று. லேசர் பொறி பழுது, மரம் வரவில்லை, மனைவிக்குச் சுகமில்லை என்று ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம் வந்தது. தனியொருவர் தம் கொட்டகையில் வைத்துக் கிட் வெட்டும் தொழிலில் தாமதம் இயல்பு என்பதால் நான் பொறுத்திருந்தேன். அவ்வாறு தாமதித்தாலும் மிக நேர்த்தியான வேலை செய்பவர்கள் இந்நாட்டில் பலர் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லவில்லை. ஓகஸ்ட் மாதம் பெட்டி வந்தபோது அம்மா மருத்துவமனையில் இருந்தார். கராஜில் வைத்த பெட்டியை நாற்பது நாள் கழித்துத்தான் திறந்தேன். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் குறையுள்ள பொருளை முழுப் பணத்துக்கும் திருப்பிக் கொடுக்க 30 நாள் தருகிறது. அந்த முப்பது நாளும் பெட்டி திறக்கப்படாமலே கழிந்துவிட்டன.

திறந்த அன்றே மனம் சோர்ந்தது. ஸ்பாருக்கு ஸ்ப்ரூஸ் மரத்துக்குப் பதிலாகக் கணுக்கள் உள்ள பைன் கட்டைகள் இருந்தன. மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓடாமல் பக்கவாட்டில் வெளியேறியது. ஒரு துண்டை வளைத்துப் பார்த்தேன், கீறிப் பிளவாமல் கரட் முறிவதுபோல நேர்குறுக்கே முறிந்தது. 12 கிலோ விமானம் ஒன்று குத்திறக்கத்திலிருந்து மீளும்போது நான்கு மடங்கு பாரம் ஏறினால் சிறகு 48 கிலோவைத் தாங்க வேண்டும். அந்தக் கட்டை தாங்காது. அலுமினியக் குழாய் அதன் உறைக்குள் ஒரு மில்லிமீட்டர் ஆடியது.

அடுத்த நாள், மாதிரி விமானங்களுக்குப் பயன்படும் இலேசான மரமான பால்சாவின் தகடுகளை ஒவ்வொன்றாகச் சமையலறைத் தராசில் வைத்தேன். 2.5 மில்லிமீட்டர் தடிப்பும், 100 மில்லிமீட்டர் அகலமும், 915 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட நல்ல தகடு ஒன்று 27 கிராம் அளவில் இருக்க வேண்டும். வந்தவை 45 முதல் 52 கிராம். பால்சா ஒரே மரமாக இருந்தாலும் அதன் அடர்த்தி இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடும், கனமானது மலிவு. இதில் வால்பகுதிக்கென்று குறித்திருந்த தகடுகளே மிகக் கனமானவை. ஹரிகேனின் வால் ஈர்ப்பு மையத்திலிருந்து மூக்கைவிட வெகு தொலைவில் இருப்பதால், வாலில் ஏறும் ஒவ்வொரு 100 கிராமுக்கும் ஈடாக மூக்கில் இரண்டு, மூன்று மடங்கு ஈயம் வைக்க வேண்டியிருக்கும். நான் கூட்டிப் பார்த்ததில் கட்டி முடித்த எடை 16 கிலோவுக்குக் குறையாது. சிறகுப் பரப்பு மாறாமல் எடை மட்டும் 12இலிருந்து 16 ஆனால், விமானம் தாங்குதிறனை இழந்து விழும் வேகம் ஏறத்தாழ 15 சதவீதம் கூடும். ஒவ்வொரு இறக்கத்திலும் அந்த 15 சதவீதத்தை நீங்கள் உணர்வீர்கள்.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது வரைபடம். அசல் விமானம் ஏறத்தாழ 9.8 மீட்டர் நீளம் என்பதால் வரைபடத்தில் உடல் 1.96 மீட்டர் வர வேண்டும், 2.01 மீட்டர் இருந்தது. சிறகு விரிவோ சரியாக இருந்தது. சிறிய வரைபடம் ஒன்றைப் பலமுறை நகலெடுத்துப் பெருப்பிக்கும்போது, தாள் ஓடும் திசையில் அது சற்று நீண்டுவிடும். அந்த நீண்ட நகலிலிருந்தே பாகங்களை வெட்டியிருக்கிறார்கள். சிறகின் அடிப்பகுதி ரிப்கள் ஒரு தாளிலும் நுனிப்பகுதி ரிப்கள் வேறு திசையில் வைத்த இன்னொரு தாளிலும் இருந்திருக்க வேண்டும். ஏனெனில் ஸ்பார் செல்லும் பள்ளங்களை ஒரு கோட்டில் அடுக்கினால், எட்டாவது ரிப்பிலிருந்து அவை 3 மில்லிமீட்டர் பின்வாங்கிவிடுகின்றன. லேசரின் துல்லியம் பிழையான கோட்டையும் துல்லியமாகவே வெட்டித் தரும். சிறகு முறுகாமல் பலகையில் நிறுத்துவதற்கு ரிப்களின் அடியில் இருக்க வேண்டிய சிறு கால்களும் இல்லை. சக்கரக் கால் பொருத்தும் பலகை நேராக வெட்டப்பட்டிருந்தது. ஹரிகேனின் கால் உள்ளே மடியும்போது சற்றுப் பின்னோக்கியும் சாய வேண்டும், இல்லாவிட்டால் அது முன் ஸ்பாரில் மோதும். ஹரிகேன் ஒன்றையாவது கட்டிப் பார்த்த ஒருவர் இந்தப் பலகையை வெட்டியிருக்க மாட்டார்.

விற்பவருக்குப் படங்களும் அளவுகளும் அனுப்பினேன். 'இது அனுபவசாலிகளுக்கான கிட், அனுபவசாலிகள் இவற்றைச் சரிசெய்துகொள்வார்கள்' என்று பதில் வந்தது. 30 நாள் கடந்த பின்னரும் உரிமை முற்றாகப் போய்விடுவதில்லை. ஆனால் திருத்தித் தரவோ மாற்றித் தரவோ விற்பவருக்கு முதலில் ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அந்த வாய்ப்பை அவர் நான்கு மாதம் இழுத்தார். ஒரு தடவை புதிய ரிப்கள் வந்தன. அவையும் அதே வரைபடத்திலிருந்து வெட்டியவை. இதற்கிடையில் நான் வாலின் ஒரு பகுதியை ஒட்டிப் பார்த்திருந்தேன் என்பதை மின்னஞ்சலில் குறிப்பிட்டது என் பிழை. கட்டத் தொடங்கிய கிட்டை ஏற்க முடியாது என்று அதையே பிடித்துக்கொண்டார்.

வங்கியில் முறையிட்டேன். அவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். பின்னர், பெட்டி வந்து சேர்ந்திருப்பதால் இது மோசடி அல்ல, வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையிலான வணிகத் தகராறு என்று எழுதி அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தை நான் பலமுறை வாசித்தேன். ஒன்றுமே அனுப்பாமல் இருந்திருந்தால் அவர் மோசடிக்காரர். உதவாத மரத்தைப் பெட்டியில் போட்டு அனுப்பியதால் அவர் வணிகர். இந்தத் தொழிலில் ஏமாற்று இப்படித்தான் நடக்கிறது. பெட்டி வந்துவிட்டதே என்று நிம்மதி கொள்ளாதீர்கள்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 10,000 பவுண் வரையான வழக்குகளைச் சிறு கோரிக்கை முறையில் வழக்கறிஞர் இல்லாமலே நடத்தலாம். அதற்கு எதிராளியின் சரியான பெயரும் முகவரியும் வேண்டும். விளம்பரத்தில் இருந்த பெயரில் நிறுவனப் பதிவகத்தில் எந்த நிறுவனமும் இல்லை. அதை எவரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம், நான் பணம் கட்டிய பிறகே தேடினேன். முகவரி கடிதங்களை வாங்கி வைக்கும் வாடகைப் பெட்டி. தொலைவிலிருந்து விற்பவர் தம் அடையாளத்தையும் இருப்பிட முகவரியையும் விற்பதற்கு முன்னரே தெரிவிக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகள் சொல்கின்றன. அதைக் கேட்கத் தயங்காதீர்கள். நேர்மையானவர் ஒரு நிமிடத்தில் தருவார்.

கடந்த கோடையில் கொஸ்ஃபோர்டில் நடந்த பெரிய மாதிரி விமானங்களின் காட்சியில் அந்தப் படத்தில் இருந்த ஹரிகேனை நேரில் கண்டேன். அதைக் கட்டிய பெரியவர் எழுபதைக் கடந்தவர். தாமே வரைந்த வரைபடத்திலிருந்து ஆறு வருடம் உழைத்துக் கட்டியதாகவும், எந்தக் கிட்டையும் வாங்கியதில்லை என்றும், தம் படம் எங்கோ விளம்பரத்தில் இருப்பது தமக்குத் தெரியாது என்றும் சொன்னார். அவருடைய உழைப்பைக் காட்டித்தான் என்னிடம் பணம் வாங்கப்பட்டது என்பது, என் 780 பவுணைவிட எனக்கு அதிகமாக வலித்தது.

ஆகவே, கிட் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது படத்தை நம்பாதீர்கள். அந்தக் கிட்டிலிருந்தே கட்டி முடித்த ஒருவருடன் பேச வேண்டும் என்று கேளுங்கள். பெட்டியில் வரும் பாகங்களைத் தரையில் பரப்பி எடுத்த படம் ஒன்றைக் கேளுங்கள், எந்தெந்தப் பாகம் அடங்காது என்பதை எழுத்தில் வாங்குங்கள். கடனட்டையில் மட்டும் கட்டுங்கள். பெட்டி வந்த அன்றே திறந்து வரைபடத்தின் நீளத்தையும் அகலத்தையும் அசல் விமானத்தின் அளவோடு ஒப்பிடுங்கள், இடது ரிப்பை வலது ரிப்பின் மேல் வைத்துப் பாருங்கள், தகடுகளை நிறுத்துப் பாருங்கள். அது முடியும்வரை பசையைத் திறக்காதீர்கள். 25 கிலோவுக்கு மேற்பட்ட மாதிரிகளுக்கு இந்நாட்டில் தனி அனுமதி வேண்டும். நம்முடையவை பெரும்பாலும் அதற்குக் குறைவானவை என்பதால், சிறகு தாங்குமா என்று சோதிக்க வேண்டியவர் கட்டுபவரே.

அந்தப் பெட்டியை நான் விற்கவில்லை, எவருக்கும் கொடுக்கவும் இல்லை. பைன் கட்டைகளை முறித்து, ரிப்களின் மேல் 'பறக்க உதவாது' என்று எழுதி வைத்திருக்கிறேன். போன மாதம் அதே படம் வேறொரு பெயரில், 850 பவுண் விலையில் மீண்டும் விளம்பரத்தில் வந்திருக்கிறது.